சிலிக்கோனில் பூச்சு ஏன் நிற்பதில்லை?

ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கிறார். சிறுநீர்க் கத்தீட்டர் செய்யும் சிலிக்கோன் மேல் பாலிமர் பூச்சு போடுவதுதான் அவருடைய புராஜெக்ட். சிலிக்கோன் துண்டுகளை ஆக்சிஜன் பிளாஸ்மாவில், அதாவது மின்சாரத்தால் அயனியாக்கிய ஆக்சிஜன் வாயுவில், வைத்து எடுத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை சொட்டு வைத்தபோது தண்ணீர் தகடு முழுக்கப் பரவியது. அடுத்த வியாழக்கிழமை அதே துண்டில் சொட்டு மறுபடி முத்துப்போல உருண்டு நின்றது. "மெஷினில் கோளாறா, என் கையிலா? மேலே பி.இ.ஜி. (பாலிஎத்திலீன் கிளைகால்) பூசலாமா, சுவிட்டர் அயனி (நேர், எதிர் மின்சுமை இரண்டும் உள்ள) பாலிமர் பூசலாமா, எது சிறந்தது?" என்று கேட்கிறார். கடைசியில் ஒரு வரி: அவருடைய தாத்தாவுக்கு வீட்டிலேயே கத்தீட்டர் போட்டிருக்கிறார்களாம். இதெல்லாம் அவருக்கு உதவுமா என்று.

தம்பி, கோளாறு மெஷினிலும் இல்லை, உங்கள் கையிலும் இல்லை. சிலிக்கோன் தன் குணத்தைக் காட்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் எந்தப் பாலிமர் சிறந்தது என்று தொடங்கியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சிக்கல். நானும் இருபது ஆண்டுகளுக்கு முன்னால் அங்கிருந்துதான் தொடங்கினேன், ஆறு மாதம் வீணானது. முதலில் கேட்க வேண்டியது, அந்தப் பாலிமர் சிலிக்கோனை எதைக்கொண்டு பிடித்துக்கொள்ளப்போகிறது என்பதை. எதைப் பூசுவது என்பது அதற்கு அப்புறம் வரும் கேள்வி.

வீட்டுக் குளியலறையைப் போய்ப் பாருங்கள். சிங்க் ஓரத்திலும் ஓடு சேரும் மூலையிலும் வெள்ளையாகப் பூசியிருப்பது சிலிக்கோன். புதுவருஷத்துக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போது யாராவது அதன் மேலும் ஓர் இழுப்பு இழுத்திருப்பார்கள். பெயின்ட் திரண்டு திரண்டு நிற்கும். காய்ந்தபின் நகத்தால் கீறினால் தோலாக உரிந்து வரும். ஆனால் அதே சிலிக்கோனில் இரண்டு வருடத்தில் கருப்புப் பூஞ்சணம் வந்து உட்கார்ந்துவிடும், பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் போகாது. நாம் ஒட்ட நினைப்பது ஒட்டாது, வேண்டாதது ஒட்டும். உடலுக்குள்ளே வைக்கும் சிலிக்கோனின் கதையும் இதேதான்.

இதற்குக் காரணம் அதன் மூலக்கூறில் இருக்கிறது. சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த சங்கிலி. ஒவ்வொரு சிலிக்கனிலும் இரண்டு மெத்தில் தொகுதிகள். பாலிடைமெத்தில்சிலாக்ஸேன் என்பது முழுப்பெயர், ஆய்வகத்தில் பி.டி.எம்.எஸ். என்போம். அந்தச் சிலிக்கன்-ஆக்சிஜன் பிணைப்பு எந்தப் பக்கமும் எளிதாகத் திரும்பும். சங்கிலிகள் அசைவற்று உறைய வேண்டுமானால் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 125 டிகிரி செல்சியஸுக்குப் போக வேண்டும். நம் உடம்பு 37 டிகிரி. அதாவது உடலுக்குள் இருக்கும் சிலிக்கோன், உறையும் நிலையைவிட 160 டிகிரி மேலே இருக்கிறது. கையில் பிடித்தால் ரப்பர். மூலக்கூறு அளவில் பார்த்தால் கிட்டத்தட்டத் திரவம். சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்புகள் மட்டும்தான் அதை வடிந்து ஓடாமல் கட்டி வைத்திருக்கின்றன.

மேற்பரப்பில் அந்த மெத்தில் தொகுதிகள் வெளியே பார்த்து நிற்கும். அதனால் மேற்பரப்பு ஆற்றல் மிகக் குறைவு, மீட்டருக்கு 20 மில்லிநியூட்டன் சுற்றி. தண்ணீரின் தொடுகோணம், அதாவது சொட்டின் ஓரம் பரப்போடு சேரும் கோணம், 105 முதல் 110 டிகிரி; கோணம் கூடினால் சொட்டு உருண்டு நிற்கும். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி என்று எழுதத் தோன்றும், எழுதாதீர்கள். தாமரை இலையில் அழுக்கும் நிற்காது. சிலிக்கோனில் தண்ணீர் ஒட்டாதே தவிர, புரதம் நன்றாக ஒட்டும். புரத மூலக்கூறு தண்ணீரில் இருக்கும்போது எண்ணெய்த்தன்மையுள்ள பகுதிகளை உள்ளே மடித்து வைத்திருக்கும். சிலிக்கோன் பக்கத்தில் வந்ததும் மடிப்பு அவிழும், உள்ளே இருந்த பகுதி சிலிக்கோனைப் பிடித்துக்கொள்ளும். ரத்தமோ சிறுநீரோ பட்ட சில நிமிடங்களில் ஒரு புரதப் படலம் உருவாகிவிடும். பாக்டீரியா வந்து இறங்குவது அந்தப் படலத்தின் மேல்தான். அப்புறம் அவை தங்களைச் சுற்றிக் கொழகொழவென்று ஒரு பசையைச் சுரந்து, குளத்துப் படிக்கட்டின் பாசிபோல அப்பிக்கொள்கின்றன. அந்தப் பாசிக்குள் இருக்கும் கிருமியை ஆன்டிபயாடிக் சரியாக எட்டாது.

பிறகு ஏன் சிலிக்கோனையே பிடித்துத் தொங்குகிறோம்? மென்மை, நெடுநாள் உடலில் இருந்தாலும் சிதையாத தன்மை, நீராவியில் கிருமி நீக்கலாம் என்பது, ஆக்சிஜன் ஊடுருவுவது. இவை எல்லாம் சேர்ந்து ஒரே பொருளில் கிடைப்பது அரிது. மூளையில் நீர் கோத்துப் பிறந்த தன் மகனுக்காக, பூட்டுக் கம்பெனியில் வேலை பார்த்த ஜான் ஹோல்ட்டர் 1956இல் ஒரு வால்வு செய்தார். அதற்குக் கடைசியில் பொருந்திய பொருள் சிலிக்கோன். வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவர்களுக்கு வைக்கும் டென்காஃப் குழாய் 1968இல் வந்தது, அதுவும் சிலிக்கோன். நம் ஊரில் சர்க்கரை நோயால் சிறுநீரகம் போனவர்கள் எத்தனை பேர் என்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும். அவர்களில் பலர் இன்றைக்கும் அந்தக் குழாயை நம்பித்தான் இருக்கிறார்கள். ஆகவே பொருளை மாற்றுவது பேச்சில்லை. தோலை மட்டும் மாற்ற வேண்டும்.

சரி, உங்கள் வியாழக்கிழமைக்கு வருவோம்.

ஆக்சிஜன் பிளாஸ்மா மெத்தில் தொகுதிகளைப் பிய்த்துவிட்டு அந்த இடத்தில் சிலனால் (சிலிக்கனோடு சேர்ந்த ஓ.எச்.) தொகுதிகளை வைக்கிறது. சிலனாலுக்குத் தண்ணீரைப் பிடிக்கும், தொடுகோணம் 10 டிகிரிக்கும் கீழே போகும். அன்றைக்கு எல்லாரும் படம் எடுத்து வைத்துக்கொள்வார்கள். ஆனால் நான் சொன்னேனே, கீழே இருப்பது கிட்டத்தட்டத் திரவம். காற்றில் வைத்தால், ஆற்றல் அதிகமான அந்தச் சிலனால் முகத்தைச் சிலிக்கோன் உள்ளே திருப்பிக்கொள்கிறது. இது பாதிக் கதை. மீதிப் பாதி, நம்மில் பலர் மறப்பது: பிணையாமல் விடுபட்ட குட்டிச் சங்கிலிகள் எடையில் சில சதவீதம் உள்ளே ஊறிக்கிடக்கின்றன. சிலிக்கோன் எண்ணெய் என்றே சொல்லலாம். அவை மெல்ல மேலே கசிந்து வந்து, நீங்கள் உண்டாக்கிய மேற்பரப்பின் மேல் ஒரு போர்வை விரிக்கின்றன. நல்லெண்ணெய்ப் பாட்டிலில் ஒட்டிய லேபிளை நினைத்துக்கொள்ளுங்கள். பசை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பாட்டில் கசிந்துகொண்டே இருந்தால் லேபிள் என்ன செய்யும்?

இங்கே பெரும்பாலோர் செய்யும் தவறு, தண்ணீர் மறுபடி உருள்கிறதே என்று பிளாஸ்மா நேரத்தைக் கூட்டுவது. ஒரு நிமிடம் போதாது, பத்து நிமிடம் வை. பத்து நிமிடத்தில் மேலே கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடு ஒன்று உருவாகும். கண்ணாடி வளையாது, ரப்பர் வளையும். துண்டை இடுக்கியால் தூக்கும்போதே ஓட்டில் மயிரிழை விரிசல்கள் விழும், எண்ணெய் அந்த விரிசல் வழியே இன்னும் வேகமாக ஏறும். நான் வேலை பார்த்த ஒரு லேப்பில் இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்த அன்றைக்கு, காய்ந்த ஏரிப்படுகை மாதிரி இருந்தது.

செய்ய வேண்டியது இது. பிளாஸ்மாவுக்கு முன்னால் எண்ணெயை எடுங்கள். துண்டுகளை ஹெக்சேனில் ஊறவைத்தால் சிலிக்கோன் நன்றாக உப்பும், நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். பயப்பட வேண்டாம். ஹெக்சேனை இரண்டு மூன்று முறை மாற்றி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக எத்தனாலுக்குக் கொண்டுவந்து சுருங்க விடுங்கள். உப்பிய துண்டை நேரே வெளியே எடுத்துப் போட்டால் வெளிப்பக்கம் முந்திச் சுருங்கிக் கோணிக்கொள்ளும். பிறகு ஆய்வக ஓவனில் காயவைத்து, குறைந்த சக்தியில் குறைந்த நேரம் பிளாஸ்மா. வெளியே எடுத்ததும் அடுத்த வேதிவினைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். உடனே முடியாவிட்டால் தண்ணீருக்குள் போட்டு வையுங்கள். தண்ணீர் பக்கத்தில் இருக்கும்வரை சிலனால் வெளியே பார்த்தே நிற்கும். சூடு இந்தத் திரும்பலை வேகப்படுத்தும், அதனால் பையில் போட்டு மதிய வெயிலில் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப்போகும் வேலை வேண்டாம். (பிளாஸ்மா ஒரு கட்டடத்திலும் ரசாயன லேப் இன்னொரு கட்டடத்திலும் இருப்பது நம் எல்லார் தலைவிதி.)

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த எண்ணெய் உங்கள் துண்டில் மட்டும் இருக்காது. இடுக்கி, கையுறை, பெட்ரி தட்டு எல்லாவற்றிலும் ஏறும். மேற்பரப்பில் என்னென்ன தனிமங்கள் என்று காட்டும் எக்ஸ்-கதிர் ஒளிமின் நிறமாலையில், அதாவது எக்ஸ்.பி.எஸ்.ஸில் பார்க்கும்போது சிலிக்கோனே இல்லாத கட்டுப்பாட்டு மாதிரியில்கூடச் சிலிக்கன் உச்சம் எழும்பும். அந்தக் கருவி பார்ப்பது மேலே உள்ள பத்து நானோமீட்டரை மட்டும். ஒரு விரல்ரேகை போதும் அதை ஏமாற்ற.

ஆக, பிளாஸ்மாவே ஒரு பூச்சு ஆகிவிடாது. கதவைத் திறந்து வைக்கும் வேலைதான் அதனுடையது. கதவு திறந்திருக்கும்போது உள்ளே ஆளை உட்காரவைக்க வேண்டும்.

உட்காரவைக்கும் வழிகளில் பழையது சிலேன், சிலனாலோடு பிணையும் சிலிக்கன் சேர்ந்த சின்ன மூலக்கூறு. சிலனால்மேல் அமின் முனையுள்ள சிலேன் ஒன்றைக் கட்டி, அதன்மேல் பாலிமரைக் கோப்பது. செய்வது எளிது, மலிவு. ஆனால் அந்த மெல்லிய சிலேன் அடுக்கின் பிணைப்புகள் வெதுவெதுப்பான நீரில் மெல்ல அறுபடும், காரத்தன்மை இருந்தால் இன்னும் சீக்கிரம். ஒரு வாரப் பரிசோதனைக்குச் சரி. மூன்று மாதம் சிறுநீர்ப்பையில் கிடக்க வேண்டிய குழாய்க்கு நான் நம்ப மாட்டேன்.

சிலேனில் தயார் பாலிமரைக் கோத்தால் வேறொரு குறையும் உண்டு. ஏற்கெனவே உட்கார்ந்த சங்கிலிகள் அடுத்து வருபவற்றைத் தள்ளிவிடும், எம்.ஆர்.டி. ரயிலில் கதவோரம் நின்றுகொண்டு உள்ளே வருபவர்களுக்கு வழி விடாதவர்கள் மாதிரி. நடுவில் இடம் காலியாகவே கிடக்கும், புரதம் அந்த இடைவெளியில் புகுந்துவிடும். அதனால் பாலிமரை வெளியே செய்து கொண்டுவராமல், மேற்பரப்பிலேயே விதை ஊன்றி அங்கிருந்து வளர்ப்பார்கள். 1995இல் மத்தியஷெவ்ஸ்கியும் சவமோட்டோவும் தனித்தனியாக வெளியிட்ட ஏ.டி.ஆர்.பி. (அணு மாற்றத் தனியுறுப்புப் பாலிமராக்கம்) முறை இதற்குப் பேர்போனது. புரோமின் உள்ள தொடக்கியை மேற்பரப்பில் கட்டி, செம்பு வினையூக்கியோடு மோனோமரில், அதாவது பாலிமர் சங்கிலியின் ஒற்றை அலகுகளில், போட்டால், நாற்றங்காலில் நெல் எழும்புவதுபோல நெருக்கமாகச் சங்கிலிகள் எழும்பும். தூரிகை என்று சொல்வார்கள். அழகான வேதியியல். ஆனால் ஆக்சிஜனைத் துரத்த வேண்டும். முடிந்தபின் செம்பைக் கடைசிவரை கழுவ வேண்டும், மிச்சமிருந்தால் செல்கள் சாகும். செல் செத்ததைப் பார்த்து என் பாலிமர் கிருமியைக் கொல்கிறது என்று மகிழ்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நம் ஊரிலேயே இந்த வேலை நிறைய நடந்திருக்கிறது. கென்ட் ரிட்ஜில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் காங் என்-டாங், நியோ கூன் கீ இருவரும் சிலிக்கோன் உட்படப் பல பொருள்களின் மேற்பரப்பில் பாலிமரை வளர்த்து, கிருமி ஒட்டாமல் செய்யும் ஆய்வைப் பல ஆண்டுகள் நடத்தியவர்கள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மேரி சான் நேர்மின்சுமை கொண்ட பாலிமர்களால் கிருமியைத் தொட்டவுடன் கொல்லும் பூச்சுகளில் வேலை செய்பவர். உங்கள் நூலகக் கணக்கிலேயே இவர்கள் கட்டுரைகள் கிடைக்கும், அங்கிருந்து தொடங்குங்கள். குறிப்பாகப் பார்க்க வேண்டியது, ஒரு மாதம் ஊறவைத்தபின் என்ன ஆனது என்ற பகுதியை.

அப்புறம் சிப்பி வழி. உபின் தீவுப் பக்கம் போனால் கேலோங் எனும் கடல்மேல் மீன்பிடி மேடைகளின் கட்டைகளிலும் கயிறுகளிலும் பச்சைச் சிப்பிகள் கொத்துக் கொத்தாகத் தொங்குவதைப் பார்க்கலாம். உப்புத் தண்ணீரில், அலை அடிக்க அடிக்க, எந்தப் பரப்பானாலும் பிடித்துக்கொள்ளும். அதன் நூலில் உள்ள புரதத்தில் டோப்பா என்ற அமினோ அமிலம் நிறைய இருக்கிறது. ஒட்டும் வித்தை பெரும்பாலும் அதில். இந்தச் சிப்பி வகைகளைப் பார்த்துத்தான் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பிலிப் மெஸ்ஸர்ஸ்மித்தின் குழு 2007இல் ஒரு சின்ன வேலை செய்தது. டோபமினை மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் கரைத்து, பி.எச். 8.5இல் வைத்து, எந்தப் பொருளையும் உள்ளே முக்கினால் போதும். ஒரு நாளில் 50 நானோமீட்டர்வரை பாலிடோபமின் படிகிறது. டெஃப்லானில்கூடப் படிந்தது. அதன்மேல் அமினோ, தயோல் (கந்தகம் சேர்ந்த) முனையுள்ள எதையும் கோக்கலாம்.

இதைப் படித்த வருடத்தில் உலகமே டோபமினில் குளித்தது. எங்கள் லேப்பில் எல்லா பீக்கரும் கடுங்காப்பி நிறமாயின. குறை சொல்லவில்லை, உங்களுக்கும் இதை நான் பரிந்துரைக்கப்போகிறேன். ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, அது பழுப்புக் கருப்பு. ஒளி ஊடுருவ வேண்டிய இடத்தில் உதவாது. இரண்டு, சிலிக்கோனில் அது பிடிப்பது மேலோட்டமாகத்தான். எண்ணெய் எடுக்காத சிலிக்கோனில் படியவைத்து, குழாயை விரலில் சுற்றி இழுத்துப் பாருங்கள். பிடித்த இடம் எது, பிடிக்காத இடம் எது என்று அதன் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். அந்த வகையில் அது ஒரு நேர்மையான பூச்சு!

என் சொந்த விருப்பம் வேறு ஒன்று: பென்சோஃபீனோன், புற ஊதா ஒளி பட்டால் வினைபுரியும் ஒரு சின்ன மூலக்கூறு. சிலிக்கோன் பல கரிமப் பொருள்களைப் பஞ்சுபோல உறிஞ்சும், அதன் குறையையே நமக்குச் சாதகமாக்கலாம். பென்சோஃபீனோனை எத்தனாலில் கரைத்துச் சில நிமிடம் ஊறவைத்தால் மேல்தோலுக்குள் புகுந்துவிடும். துடைத்துவிட்டு, மோனோமர் கரைசலில் போட்டுப் புற ஊதா ஒளி காட்டினால், அது மெத்தில் தொகுதியிலிருந்தே ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கும். அந்த இடத்தில் கார்பனோடு கார்பனாகப் பாலிமர் பிணையும். சிலனாலே தேவையில்லை, அறுபடும் சிலேன் பிணைப்பும் இல்லை. அதோடு சங்கிலி மேலே மட்டும் நிற்காமல் தோலுக்குள்ளும் வேர்விடுகிறது. சிலிக்கோன் தன் மேற்பரப்பைத் திருப்பிக்கொள்ள நினைத்தாலும், வேர் உள்ளே இருக்கிறது. சோதனைக்குக் கொண்டுபோகும் முன் பென்சோஃபீனோன் மிச்சத்தை நன்றாகக் கழுவி எடுக்க வேண்டும் என்பது மட்டும் கவனம்.

இப்போது உங்கள் கேள்வி: பி.இ.ஜி.யா, சுவிட்டர் அயனியா? இரண்டும் ஒரே தந்திரம்தான் செய்கின்றன. தண்ணீரை இறுக்கிப் பிடித்துத் தங்கள்மேல் போர்த்திக்கொள்கின்றன; புரதம் ஒட்ட வேண்டுமானால் அந்தத் தண்ணீரை விலக்க வேண்டும், அதற்கு ஆகும் ஆற்றல் செலவு கட்டுப்படியாகாது. பி.இ.ஜி. ஹைட்ரஜன் பிணைப்பால் பிடிக்கிறது. சுவிட்டர் அயனியில் ஒரே அலகில் நேர்மின்சுமையும் எதிர்மின்சுமையும் இருப்பதால், அயனி முறையில் இன்னும் இறுக்கமாகப் பிடிக்கிறது. மொத்தச் சுமை பூஜ்யம் என்பதால் எந்தப் புரதத்தையும் கவர்ந்து இழுப்பதில்லை. பி.இ.ஜி. நாளாக நாளாக ஆக்சிஜனேற்றத்தில் அறுபடும் என்பது பழைய புகார். ஜப்பானில் கஸூஹிகோ இஷிஹாரா வளர்த்தெடுத்த எம்.பி.சி. பாலிமர்கள் நம் செல் சவ்வின் வெளிப்புறத்தில் இருக்கும் பாஸ்போரில்கோலின் தலையைப் பார்த்துச் செய்தவை, விலை அதிகம். சல்ஃபோபீட்டைனும் சுவிட்டர் அயனிதான், ஆனால் மலிவு, மாணவர் பட்ஜெட்டுக்குள் வரும். அதையே எடுங்கள்.

கொல்லும் பாலிமர்கள் வேறு ரகம். நேர்மின்சுமை பாக்டீரியாவின் சவ்வைக் கிழிக்கும். ஆனால் செத்த உடல்கள் அங்கேயே ஒட்டிக்கொண்டு அடுத்து வருபவற்றுக்குப் பாய் விரிக்கும். அளவு மீறினால் சிவப்பணுவையும் கிழிக்கும். ஒட்டவிடாததையும் கொல்வதையும் கலந்து செய்வதுதான் இப்போது பலர் போகும் பாதை. நான்கு மாதப் புராஜெக்ட்டில் இரண்டையும் தொடாதீர்கள், எது வேலை செய்தது என்று கடைசியில் சொல்லமுடியாமல் போகும்.

இந்தத் துறையில் எதுவுமே கடைக்கு வரவில்லையோ என்று நினைக்காதீர்கள். உங்கள் வகுப்பில் பாதிப்பேர் அணிந்திருக்கலாம். சிலிக்கோன் ஹைட்ரோஜெல் கான்டாக்ட் லென்ஸ் 1999இல் இரண்டு வந்தன. சிலிக்கோன் இருந்தால் கண்ணுக்கு ஆக்சிஜன் தாராளமாகப் போகும், ஆனால் கண்ணீர் படியாது, கொழுப்பு அப்பும். அதனால் சீபா விஷன் நிறுவனத்தின் லென்ஸ், பிளாஸ்மாவிலேயே பாலிமராக்கிய 25 நானோமீட்டர் அளவிலான தொடர்ச்சியான பூச்சைப் போட்டுக்கொண்டது. பாஷ் அண்ட் லாம்ப் நிறுவனத்தின் லென்ஸில் பிளாஸ்மா ஆக்சிஜனேற்றம். கண்ணாடி போன்ற சிலிகேட் தீவுகள் ஆங்காங்கே உருவாகி, இடையில் ஜெல் வளைந்து கொடுத்தது. நான் மேலே திட்டிய அதே கண்ணாடி ஓடு, இங்கே தீவுகளாக இருந்ததால் பிழைத்தது. லென்ஸ் தண்ணீரிலேயே ஊறிக் கண்ணிலேயே இருக்கும் என்பதும் ஒரு பெரிய சௌகரியம், தண்ணீர் விட்டுப் போனால்தானே மேற்பரப்பு திரும்பும்.

கத்தீட்டருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. சிறுநீர்ப்பையிலேயே தங்கும் ஃபோலி கத்தீட்டரில் ஆண்களுக்கானது சுமார் 40 சென்டிமீட்டர் நீளம், உள்துளை சில மில்லிமீட்டர். குறைந்த அழுத்தப் பிளாஸ்மா அந்தத் துளைக்குள் ஒழுங்காகப் போகாது. தகட்டில் செய்து காட்டும் பலர் உள்பக்கத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஆனால் அடைப்பது உள்பக்கம்தான். கரைசலைப் பம்ப்பால் ஓட்டும் முறைகள்தான் அங்கே போகும். டோபமினுக்கு நான் மதிப்புக் கொடுப்பது இதற்காகவும். நுனியில் ஊதும் பலூன் வேறு இருக்கிறது. அது விரியும்போது பூச்சும் விரிய வேண்டும்.

அடுத்து, சிறுநீர். புரோட்டியஸ் மிராபிலிஸ் என்ற கிருமியிடம் யூரியேஸ் நொதி இருக்கிறது. யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும், சிறுநீர் காரமாகும், கரைந்திருந்த மக்னீசியமும் கால்சியமும் பாஸ்பேட் படிகங்களாகக் கீழே விழும். கெட்டிலின் அடியில் உப்பு படிவதுபோலக் குழாய்க்குள் சுண்ணாம்பு கட்டும். நீங்கள் எவ்வளவு நல்ல தூரிகை வளர்த்திருந்தாலும், அதன்மேல் படிகம் உட்கார்ந்தபின் கிருமிக்கு உங்கள் பாலிமர் யாரோ எவரோ. இதனால்தான் பாஸ்பேட் உப்புக் கரைசலில் மட்டும் சோதித்த முடிவுகளை நான் தள்ளிவைத்துவிடுவேன்.

பிரிட்டனில் 7000 பேருக்கும் மேல் சேர்த்து நடத்திய ஒரு பெரிய பரிசோதனை 2012இல் லான்செட் இதழில் வந்தது. வெள்ளிக் கலவை பூசிய கத்தீட்டர், நைட்ரோஃபுரால் என்ற கிருமிக்கொல்லி ஏற்றிய கத்தீட்டர், சாதாரணக் கத்தீட்டர் மூன்றையும் குறுகிய காலப் பயன்பாட்டில் ஒப்பிட்டார்கள். அறிகுறியோடு கூடிய தொற்று சாதாரணத்தில் 12.6 சதவீதம், வெள்ளியில் 12.5. நைட்ரோஃபுராலில் 10.6; கொஞ்சம் குறைவு, ஆனால் மருத்துவத்தில் பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை என்று எழுதினார்கள். பெட்ரி தட்டில் வெள்ளி கிருமியை எப்படி ஒழிக்கும் என்று பார்த்தவர்களுக்கு அந்தப் பூஜ்யம் புள்ளி ஒன்றை விழுங்குவது கஷ்டமாக இருந்தது. எனக்கும்தான்.

இதைச் சொல்லி உங்களைச் சோர்வடையச் செய்வது நோக்கமல்ல. சோதனையை அதற்கேற்ப அமைக்கச் சொல்கிறேன். முதலில் கிருமிநீக்கம் செய்யுங்கள், 121 டிகிரி நீராவியோ எத்திலீன் ஆக்சைடோ, எது கையில் இருக்கிறதோ. அதற்குப் பிறகுதான் மற்ற எல்லா அளவீடும். புதுப்பூச்சை அளந்துவிட்டுக் கடைசியில் கிருமிநீக்கம் செய்வது சுய ஏமாற்று. பிறகு செயற்கைச் சிறுநீரில் 37 டிகிரியில் 30 நாள். நடுநடுவே எடுத்து வளையுங்கள், ஈரத் துணியால் தேயுங்கள். தொடுகோணம் மட்டும் போதாது, எக்ஸ்.பி.எஸ்.ஸில் நைட்ரஜனும் கந்தகமும் இன்னும் இருக்கின்றனவா என்று பாருங்கள், சல்ஃபோபீட்டைன் இருக்கிறது என்பதற்கு அவைதான் சாட்சி. ஃபைப்ரினோஜன் என்ற ரத்தப் புரதம் எவ்வளவு படிகிறது என்று ஓர் அளவீடு. செல் நச்சுக்கு ஐ.எஸ்.ஓ. 10993 தொகுப்பின் 5ஆம் பகுதி. கட்டுப்பாட்டு மாதிரியாக வெறும் சிலிக்கோன் மட்டும் வைக்காதீர்கள். எண்ணெய் எடுத்த சிலிக்கோனையும் தனியாக வையுங்கள். சில சமயம் பாதி முன்னேற்றம் அந்தக் கழுவலாலேயே வந்திருக்கும்.

ஒழுங்குமுறை பற்றி ஒன்றே ஒன்று. இங்கே சுகாதார அறிவியல் ஆணையம் மருத்துவச் சாதனங்களை ஆபத்தின் அளவைப் பொறுத்து ஏ முதல் டி வரை நான்கு வகுப்பாகப் பிரிக்கிறது. பூச்சிலிருந்து மருந்து கசிவதாக இருந்தால், அந்தச் சாதனம் மேல் வகுப்பான டி-க்குத் தாவிவிடும். கசியாத, வெறுமனே ஒட்டவிடாத பூச்சுக்கு இப்படியும் ஓர் அனுகூலம். மாணவர் புராஜெக்ட்டுக்கு இது தேவையில்லை, ஆனால் வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள்.

ஆகவே, ஹெக்சேனில் கழுவல், பென்சோஃபீனோன், சல்ஃபோபீட்டைன், பக்கத்தில் ஒப்பிட ஒரு டோபமின் வரிசை. பிளாஸ்மாவை முழுவதும் விட்டுவிடலாம், மேற்பார்வையாளர் கேட்டால் உங்கள் வியாழக்கிழமைப் படத்தைக் காட்டுங்கள். ஆவியை உறிஞ்சும் ஆய்வகப் புகைக்கூண்டுக்கு (ஃபியூம் ஹூட்) வெளியே ஹெக்சேன் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

தாத்தா விஷயம். உங்கள் பூச்சு அவருக்கு எட்டாது, எட்டும் நாள் வந்தாலும் முக்கியமானது அதுவாக இருக்காது. கத்தீட்டர் போட்டிருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் என்று கணக்கு. ஒரு மாதத்தில் அநேகமாக எல்லாருக்கும் வந்துவிடும். கிருமி இருப்பது வேறு, தொற்று வேறு. காய்ச்சல், நடுக்கம், திடீர்க் குழப்பம், குழாய் அடைப்பு என்றால்தான் ஓட வேண்டும், அப்போது தாமதிக்கக்கூடாது. மற்றபடி, அடுத்த முறை நர்ஸ் வரும்போது இது இன்னும் தேவையா என்று கேளுங்கள். தேவையில்லாத கத்தீட்டரை எடுப்பதைவிடச் சிறந்த பூச்சு இதுவரை வரவில்லை. தேவைதான் என்றால், இப்போது இருப்பது லேட்டக்ஸா முழுச் சிலிக்கோனா, எத்தனை வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்று தெரிந்து வையுங்கள். குழாயையும் பையையும் பிரிக்காதீர்கள், தொடுமுன் கை கழுவுங்கள். அவரைச் சக்கர நாற்காலியில் தேக்கா சந்தைக்குக் கூட்டிப்போகும்போது பையைக் கைப்பிடியில் மாட்ட வேண்டாம், மூத்திரம் திரும்பி மேலே ஏறும். இருக்கைக்குக் கீழே, தரையில் படாமல் மாட்டுங்கள்.